பத்தொன்பதாவது டேக்

எருசலேமுக்கு இடம் தேடி
தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.
செம்மணலை அள்ளி உள்ளங்கையில் உருட்டி
'இதே கலர்தான்' என்றான் கேமராக்காரன்.
எருசலேமை அவனும் கண்டதில்லை.

ஆளுக்கு நானூறு, மத்தியானம் பிரியாணி.
சங்க வரி பாக்கியை வாசிக்கிற அதே குரலில்
உபதேசியார் ஆலயத்தில் அறிவித்தார்.

நிறம் பார்த்துப் பிரித்தார்கள்.
பன்னிரண்டு சீஷருக்கும்
பாளையங்கோட்டைக் காலேஜ் பையன்கள்
வேனில் வந்து இறங்கினார்கள்.
கத்துகிற ஜனத்துக்கு நாங்கள்.
நாத்தனார் நவரத்தினம் கொஞ்சம் வெளுப்பு,
மரியாளுக்குப் பின்னால் அழ இடம் கிடைத்தது.
வேதமாணிக்கம் கள்ளன்.
பரதீசுக்குப் போகிற கள்ளனுக்கு வசனம் உண்டு,
அதற்கு மெட்ராஸ் ஆள்.
இவன் மற்றவன்.
ஏணி வேண்டாமென்று
தளைநார் போட்டுச் சிலுவையில் ஏறினான்,
முள்முடியோடு நின்றவரும் சிரித்துவிட்டார்.

அவர் வடக்கத்திப் பையன்.
கண்ணில் பச்சை வில்லை, பசையில் ஒட்டிய தாடி.

'கத்துறது பிலாத்து முற்றத்துல, ஐயா,
சிலுவைக்கு அடியில இல்ல'
உபதேசியார் வேதத்தை விரித்துக் காட்டினார்.
'ஒரே நாள்ல முடிக்கணும் சார்'
அவர்கள் லைட்டை விரித்தார்கள்.

இடைவேளையில் உதவி டைரக்டர் கேட்டான்,
உங்க ஊர்ல பழைய கதை ஏதும் உண்டாக்கா என்று.
சொன்னேன்:
எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில்
ஓலைக் கோயிலை மூணு தடவை கொளுத்தினது,
மூணாம் தடவை
எரியும்போதே ஒருத்தி உள்ளே போய்
மணியை எடுத்து வந்தது,
அவள் கை கடைசிவரை விரியாமல் போனது,
அந்த மணிதான் இப்பவும் அடிக்கிறது.
கேட்டுக்கொண்டே செல்போனைப் பார்த்தான்.
'நல்லாருக்குக்கா.
இதுக்கெல்லாம் பட்ஜெட் வராது.'

கத்தினோம்.
சிலுவையில் அறையும்.
மேகம் வந்தது, மறுபடி.
சிலுவையில் அறையும்.
யாரோ செருப்போடு நின்றான், மறுபடி.
முதலில் கூச்சமாயிருந்தது.
ஆறாவது தடவை கை தானாக உயர்ந்தது.
பத்தாவதில், சொல்ல வெட்கம்,
நல்லாவே இருந்தது.
வீட்டுக்காரர் மேல், கூட்டுறவுக் கடன் மேல்,
எல்லாவற்றின் மேலும் உள்ளது
தொண்டையில் ஏறி வந்தது.

இரத்தம் சர்க்கரைப் பாகு.
மூன்று மணிக்கு
கட்டெறும்பு வரிசை கட்டிவிட்டது,
மரத்தடியிலிருந்து பாதம்,
பாதத்திலிருந்து விலா.
கை கட்டியிருக்கிறது.
பையன் நெளிந்தான்.
'முகத்துல அருமையான வேதனை,
அப்படியே இருக்கட்டும்.'
'பானி' என்றான் அவன்.
மெதுவாகத்தான் சொன்னான்.
பம்பாய்க்கு லாரி ஓட்டின வீட்டில் இருக்கிறவள் நான்,
எனக்குத் தெரியும் அது என்ன என்று.

பத்தொன்பதாவது டேக்.
எல்லாரும் கத்தினார்கள்.
நானும் கையை ஓங்கிக்கொண்டு
அதே வேகத்தில் கத்தினேன்:
தண்ணி குடுங்கய்யா.
அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுங்கய்யா.
கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்.
கட் என்றார்கள், ஓகே என்றார்கள்,
நானூறு கொடுத்தார்கள்.

அசனத்தன்று ராத்திரி
சோற்றுப் பானைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு
ஆலயத்துச் சுவரில் படம் போட்டார்கள்.
வடக்கத்திப் பையன்
சுத்தமான வேதத் தமிழ் பேசினான்,
உதடு முந்தியும் சொல் பிந்தியும்.
எறும்பு ஒன்றுகூட இல்லை,
அழித்துவிட்டார்களாம்.
இருட்டில் கிழவிகள் விசும்பினார்கள்.
எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் நான்.
இமைக்கிற நேரம்.
'ஏட்டி, தங்கபுஷ்பம்!' ஊரே கூவியது.
ஓங்கிய கை, விரிந்த வாய்.
அந்த வாயிலிருந்து
எவளோ ஒரு மெட்ராஸ்க்காரியின் குரல்:
சிலுவையில் அறையும்.

எத்தனையாவது டேக் அது?

மருமகன் போனில் இறக்கித் தந்திருக்கிறான்.
அடுப்படியில் நின்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.
அறையும் என்றால் கடைசியில் உதடு மூடும்.
குடுங்கய்யா என்றால் மூடாது.
அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வாய் திறந்திருக்கிறது,
திறந்தே இருக்கிறது,
மூடுமா என்று பார்ப்பதற்குள்
ஆணி வந்துவிடுகிறது.